மாசியில் வாருங்கள், கார்த்திகையில் வேண்டாம்

தமிழ்நாடு-கேரள எல்லையில், புளியரைக்கு இந்தப் பக்கமும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கமும் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர்களுக்கு, அதிலும் முதல் புத்தகத்தை எங்களைப் போன்ற சிறு பதிப்பகத்தில் போடலாம் என்று நினைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

கார்த்திகை பிறந்தால் போதும், எங்களுக்கு வரும் பேச்செல்லாம் ஒன்றுதான்: "ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள்ள வந்துரணும்." கையில் இருப்பது முக்கால்வாசி எழுதி முடித்த நாவல். மீதியை அச்சுக்குப் போவதற்குள் எழுதிவிடுவார்களாம். நாற்பது நாளில் புத்தகம் வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரும், ஆனால் எதை விட்டுவிட்டு வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சிவகாசியின் ஆண்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக நம் வேலை பெரும்பாலும் அங்கேதான் போகிறது. பள்ளி திறக்கும்வரை நோட்டுப் புத்தக வேலை. ஆடிப்பெருக்கு அன்று புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அதற்குப்பின் ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். புரட்டாசியிலிருந்து மார்கழிவரை காலண்டரும் டைரியும்தான் இயந்திரத்தில் ஓடும். லட்சக்கணக்கில் ஓடும் வேலையை நிறுத்திவிட்டு முந்நூறு பிரதிக் கவிதைத் தொகுப்புக்கு எந்த அச்சகமும் இடம் தராது. தந்தாலும் இரவு இரண்டு மணிக்கு, மை சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஆளில்லாத வேளையில் தரும். இடையில் காலியாக இருப்பது ஆனிக் கடைசியும் ஆடி முதல் பாதியும்தான். அந்த நேரத்தில் உங்கள் புத்தகம் இயந்திரத்தில் ஏற வேண்டுமானால் மாசிக்குள் படி, அதாவது எழுதி முடித்த மூலப் பிரதி, எங்கள் கைக்கு வர வேண்டும். பங்குனியும் சித்திரையும் செம்மையாக்கத்துக்கு, வைகாசி பக்க வடிவமைப்புக்கு, ஆனி மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கு. ஆவணியில் புத்தகம் கையில் இருக்கும். மதிப்புரைக்கு அனுப்பவும் நூலகங்களுக்கு விண்ணப்பிக்கவும் ஜனவரிவரை நான்கு மாதம் கிடைக்கும்.

படியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டெமி எட்டிலொன்று அளவில் (ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), பதினோரு புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்கு 28 முதல் 30 வரி வரும். தமிழில் அது ஏறக்குறைய 190 சொல். முப்பதாயிரம் சொல் என்றால் 160 பக்கம். எழுதி முடித்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறுபது பக்கம்கூடத் தேறாத குறுநாவலை முதுகில் தலைப்போடு கேட்காதீர்கள். எழுபது ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எழுபது கிராம்) தாளில் அறுபது பக்கத்தின் முதுகு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் எழுத்தை ஏற்றினால் வெட்டும்போது சற்று விலகினாலும் முன்னட்டையில் பாதி, பின்னட்டையில் பாதி என்று போய் நிற்கும்.

கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டியதை எழுத்துரு மாற்றும் செயலியில் போட்டு யூனிகோடாக்கி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத பிழை ஒளிந்திருக்கும். "கௌரவம்" என்பதை ஒற்றைக் கொம்போடு "ள" சேர்த்து "கெளரவம்" என்று அடித்திருப்பார்கள். அச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மின்னூலில் தேடினால் சொல் கிடைக்காது, வாசித்துக் காட்டும் செயலி "கெ-ள-ர-வம்" என்று படிக்கும். "ஒளவை"யும் இதே கதைதான். துணைக்காலுக்குப் பதில் "ர", "எ"வுக்குப் பதில் தமிழ் எண் ஏழு, "க"வுக்குப் பதில் தமிழ் எண் ஒன்று என்று வேறு சிலவும் உண்டு. எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் இவை பல்லைக் காட்டும். அதனால் அனுப்புமுன் முழுப் படியையும் வேறொரு எழுத்துருவுக்கு ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கைபேசியில் பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். குற்றமில்லை. ஆனால் அந்தப் படியில் வரும் பிழை தனி இனம். பிழைதிருத்தி பிடிப்பது இல்லாத சொல்லை மட்டுமே. "மலையில் நனைந்தான்" என்பதில் இல்லாத சொல் எதுவும் இல்லை. சாரல் ஊர்க் கதையில் பக்கத்துக்குப் பக்கம் மலையும் மழையும் வரும். இரண்டையும் தனித்தனியே தேடி, ஒவ்வோர் இடத்திலும் எது என்று பார்த்தே ஆக வேண்டும். பள்ளி, பல்லி, அரை, அறை, கொல்லை, கொள்ளை என்று உங்களுக்கு வழக்கமாகத் தவறும் இணைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எல்லையோரத்து எழுத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர் ஆட்சி, கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதனால் குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ எழுதுகிறவர்கள் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும் பத்திரங்களை எடுத்தாள்கிறார்கள். கொல்லம் ஆண்டு சிங்கம் (நம் ஆவணி) மாதம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகஸ்ட் நடுமுதல் டிசம்பர்வரை 824ஐயும், ஜனவரிமுதல் ஆகஸ்ட் நடுவரை 825ஐயும் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஆகஸ்ட் நடுமுதல் டிசம்பர்வரையுள்ள தேதிகள் ஓராண்டு தள்ளிப்போகும். "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று பெரியவர்கள் சொல்வதை 1899 என்று எழுதி வரும் படிகள் உண்டு. அது கொல்லம் 1099, நம் கணக்கில் 1924 ஜூலை. கொல்லம் தேதியை அப்படியே கொடுத்து, பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் போட்டுவிட்டால் வாசகருக்கும் குழப்பமில்லை, எங்களுக்கும் சரிபார்க்க வழி கிடைக்கும்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். அச்சன்கோவிலா அச்சன்கோயிலா, தென்மலையா தென்மலாவா, ஆரியங்காவா அரியங்காவா? எதை எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம். முதல் அத்தியாயத்தில் ஒன்று, ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறொன்று என்றால்தான் தகராறு. பேச்சுமொழிக்கும் இதே விதி. "சொல்லுதான்", "சொல்றான்", "சொல்லுறான்" மூன்றும் நம் ஊரில் உண்டு. ஆனால் ஒரே பாத்திரம் மூன்றையும் பேசினால், அது வட்டார வழக்கு என்று வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டார், பிழை என்றுதான் நினைப்பார். மரவள்ளிக் கிழங்கை மலைக்கு அப்பாலிருந்து வந்த மருமகள் "கப்பை" என்றும் மாமியார் "மரச்சீனி" என்றும் சொன்னால் அது கதைக்கு ஆதாயம். எழுதியவரே இரண்டையும் விவரிப்பில் மாற்றி மாற்றிப் போடுவது வேறு. ஒவ்வொரு வட்டாரச் சொல்லுக்கும் அடிக்குறிப்பு போடும் வழக்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. வாக்கியத்தில் பொருள் தெரியாவிட்டால் வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும். மலையாள உரையாடலைத் தமிழ் எழுத்தில் எழுதினாலே போதும். மலையாள எழுத்திலேயே வர வேண்டுமென்றால், அந்தப் பக்கங்களை மட்டும் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசி மெய்ப்பில் பார்த்தாக வேண்டும். கூட்டெழுத்துகள் உடைந்து கிடந்தால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். "சேட்டன் போன்ல சரின்னுட்டார்" என்பது அனுமதி ஆகாது. மூலப் பதிப்பகத்திடம் மொழிபெயர்ப்பு உரிமை இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

இனி மெய்ப்பு. கார்த்திகை அவசரத்தில் முதலில் பலியாவது இதுதான். மூன்று சுற்று தேவை. முதல் சுற்றில் மூலப்படியோடு ஒப்பிட்டுப் படிப்பது. இரண்டாவதில், சொன்ன திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா, ஏறும்போது புதுப்பிழை புகுந்ததா என்று பார்ப்பது. மூன்றாவது சுற்றில் பக்கமாகப் பார்க்க வேண்டும்: பக்க எண், தலைப்பு வரி, பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா, பத்தியின் கடைசி அரைவரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கிறதா, நீளமான சொல் உடைந்து அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்குகிறதா. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் கிடக்கும். எழுதியவர் மெய்ப்புப் பார்த்தால் மட்டும் போதாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் படிக்கும். மெய்ப்புச் சமயத்தில் புதுப் பத்தி எழுதிச் சேர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பங்குனியில் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனியில் ஒரு சொல்லுக்குப் பதில் அதே நீளமுள்ள இன்னொரு சொல்லை மட்டும் கொடுங்கள்.

ஏன் என்று கேட்டால், புத்தகம் பக்கமாக அச்சாவதில்லை, ஃபாரமாக அச்சாகிறது. 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் டெமி அளவில் 32 பக்கம் வரும். அதைப் பாதியாக்கினால் 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். 160 பக்கம் சரியாகப் பத்து ஃபாரம். அது 163 ஆனால் கால் ஃபாரம் கூடும். அதற்குத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும், தனியாக ஓட்ட வேண்டும், மடிக்க வேண்டும். மூன்று அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை என்று அடுக்கி, கதை 27ஆம் பக்கத்தில் தொடங்கும் நூல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த இருபத்தாறு பக்கத்துக்கும் தாள் விலை உண்டு. பெரிய எழுத்தாளரின் அணிந்துரைக்காக மூன்று மாதம் காத்திருந்து அச்சுத் தேதியைத் தவறவிடுவது இன்னும் மோசம். அணிந்துரை இல்லாததால் விற்காமல் போன புத்தகம் என்று ஒன்று கிடையாது.

எத்தனை பிரதி என்ற கேள்விக்கும் இந்த ஃபாரக் கணக்கில்தான் விடை. 160 பக்க நூலின் ஒரு பிரதிக்கு ஐந்து முழுத்தாள். முந்நூறு பிரதிக்கு 1500 தாள், அதாவது மூன்று ரீம். 70 ஜிஎஸ்எம்மில் ஒரு ரீம் ஏறக்குறைய 18.7 கிலோ இருக்கும். ஆஃப்செட்டில், அதாவது பிளேட் வைத்து ஓட்டும் அச்சில், மையும் பதிவும் நிலைக்கு வரும்வரை ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஐம்பது அரைத்தாள் வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஃபாரத்துக்கு 500 அரைத்தாள், அரை ரீம். முந்நூறு பிரதிக்கு இது ஆறில் ஒரு பங்கு, ஆயிரம் பிரதிக்கு இருபதில் ஒரு பங்குதான். முந்நூறுக்குக் குறைந்தால் பிளேட் வேண்டாத டிஜிட்டல் அச்சே நல்லது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஆயிரம் அடித்தால் பிரதிக்கு விலை குறையும் என்பது உண்மை. ஆனால் விற்காத எழுநூறு பிரதி சாரல் காலத்தில் உங்கள் வீட்டு மச்சில் என்ன ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிவகாசி வறண்ட ஊர், தாளும் அங்கே வறண்டுதான் இருக்கும். அங்கே அடித்த புத்தகம் ஆடியில் தென்காசிக்கோ ஆரியங்காவுக்கோ வந்தால் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். அட்டையின் வெளிப்புறம் லேமினேஷன் படலம், அது ஈரத்தை எடுக்காது. உள்புறம் மட்டும் விரிவதால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வாசகர் இதை மட்டமான அச்சு என்றுதான் நினைப்பார். பைண்டிங் முடிந்ததும் ஒரு நாள் முழுக்க எடை வைத்து அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். கட்டும்போது ஒரு புத்தகத்தின் முதுகு இடப்பக்கம், அடுத்ததன் முதுகு வலப்பக்கம் என்று மாற்றி அடுக்க வேண்டும். வீட்டில் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் மரச்சட்டத்தின்மேல் வையுங்கள். ஏற்கெனவே நமுத்துப்போன புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தாளின் நார் ஓடும் திசை புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதை அச்சகத்திடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். குறுக்காக இருந்தால் சாரலில் பக்கங்கள் அலை அலையாக நெளியும், திறந்தால் விரியாது, பசையும் சீக்கிரம் விடும். மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தாளைக் குறுக்கே வெட்டும்போதுதான் இது நடக்கிறது.

அட்டைக்கு நம் பக்கத்து எழுத்தாளர் பத்தில் எட்டுப் பேர் கேட்பது மலைப்பச்சை. திரையில் ஒளிரும் அந்தப் பச்சை நான்கு மையில் வராது, மங்கித்தான் விழும். முதலிலேயே மாதிரி அச்சு எடுத்துப் பார்த்துச் சம்மதியுங்கள். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும். முன்னட்டைக்கு மட்டும் குறைந்தது 1650க்கு 2550 பிக்சல் வேண்டும். மின்னஞ்சலில் மூலக்கோப்பாக அனுப்புங்கள். எடுத்தவர் யாரென்று தெரியாமல் இணையத்தில் எடுத்த படம் வேண்டவே வேண்டாம். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கை உறுதியான பிறகுதான் தெரியும். 160 பக்கத்துக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அதனால் "அட்டை ரெடி பண்ணி ஃபேஸ்புக்ல போட்டுட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

பணம். 160 பக்கத்துக்கு 200 ரூபாய் விலை என்று வைப்போம். கடைக்கு 40 விழுக்காடு கழிவு, 80 ரூபாய். உங்களுக்கு 10 விழுக்காடு உரிமத்தொகை, 20 ரூபாய். மீதி நூறில் தாள், அச்சு, வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை, லாரிக் கூலி, விற்காத பிரதிகள் எல்லாம் அடங்க வேண்டும். 2025 செப்டம்பரில் அச்சுத்தாளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 18 விழுக்காடு ஆனது. புத்தகத்துக்கு வரி இல்லை என்பதால் தாளில் கட்டிய வரியை நாங்கள் திரும்ப எடுக்கவும் முடியாது. கடைகள் விற்ற பிறகுதான் தரும், அதுவும் மாதக்கணக்கில் கழித்து. இவ்வளவையும் சொல்வது இரக்கம் தேடி அல்ல. எந்தப் பதிப்பகத்தோடு பேசினாலும் இந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: உரிமத்தொகை அட்டை விலையிலா, கழிவு போன தொகையிலா? எத்தனை பிரதி அடிக்கிறார்கள்? உரிமை எத்தனை ஆண்டுக்கு? மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை யாரிடம்? உங்களிடமே முழுச் செலவையும் வாங்கினால் அது சொந்தப் பதிப்பு. அதில் தவறில்லை, ஆனால் அப்போது பத்து விழுக்காடு உரிமத்தொகை என்பது கேலி. பிரதிகள் எல்லாம் உங்களுடையவை. மலைக்கு அந்தப் பக்கம் கோட்டயத்தில் 1945லேயே எழுத்தாளர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் நூல்களைத் தாங்களே பதிப்பித்தார்கள். நம் பக்கம் இன்றும் ஒப்பந்தக் கடிதம் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

நூலின் தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையவழியாக இலவசமாகவே தருகிறது. சில வாரம் ஆகலாம், அதுவும் மாசியில் வரச் சொல்வதற்கு ஒரு காரணம். எண் வந்த பிறகு தலைப்பை மாற்ற வேண்டாம். பட்டைக்குறியீட்டைச் சிவப்பில் அச்சிட்டால் கடைக்காரரின் கருவி படிக்காது. அதன் ஒளியே சிவப்பு. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் கடமை. அனுப்பினார்களா என்று கேட்டு வையுங்கள்.

கடைசியாக, புத்தகம் வாசகர் கைக்குப் போகும் வழி. பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே 1 முதல் அஞ்சல் துறையின் கியான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவை இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருந்தாக வேண்டும். 70 ஜிஎஸ்எம் தாளில் டெமி அளவு 240 பக்க நூல் உறையோடு 300 கிராமுக்குள் அடங்கும். ஒரு ஃபாரம் கூடி 256 ஆனால் எல்லை தாண்டிவிடும். நாவல் 250 பக்கத்தை ஒட்டி நின்றால் சற்று இறுக்கச் சொல்லி நாங்கள் கெஞ்சுவது இலக்கிய விமர்சனம் அல்ல, தராசின் விமர்சனம். புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்துத் தமிழ் வாசகர்களுக்கும் நூலகங்களுக்கும் கட்டாகக் கொண்டுபோகிறவர்கள் புத்தகத்துக்கான 4901 என்ற ஜிஎஸ்டி குறியீட்டோடு வரியில்லாப் பில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். புத்தகத்துக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை. ஆனால் புளியரைச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

மாசியில் வரும்போது கொண்டுவர வேண்டியவை: யூனிகோடில் முடித்த படி; அதே படி பக்க எண்ணோடு தாளில் அச்செடுத்து; ஊர்ப்பெயர், ஆள்பெயர், வட்டாரச் சொற்களின் எழுத்துமுறைப் பட்டியல் ஒரு தாளில்; மேற்கோள் காட்டிய பாட்டுக்கும் படத்துக்கும் அனுமதிக் கடிதம்; எழுதியவரைத் தவிர இன்னொருவர் முழுதாகப் படித்துப் பென்சிலால் கோடு போட்ட ஒரு நகல். அட்டைப் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துச் சிறு பதிப்பாளர்கள் சிலர்